மாதாவின் அருகில் இருந்த கல்

எரிமலைச் சரிவில் உருண்டு வந்த பாறை என் மகனின் மார்பை நசுக்கியது. அவனுடைய முதுகுப்பையில், அன்று அவன் உடைத்தெடுத்த கல் சேதமின்றி இருந்தது. சுத்தியலோடும் உடுப்புகளோடும் அதையும் கனடாவில், மார்க்கம் நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி அதைத் துடைக்காமலே மாதா சொரூபத்தின் அருகில், அவன் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அதை உடைக்க வேண்டும் என்று நான் கேட்டேன்.

அவனும் நானும் ஒரே துறை. கடலடித் தட்டொன்று இன்னொரு தட்டின் கீழே அமிழும் இடங்களில் எரிமலைகள் வரிசையாக எழுகின்றன. அவற்றின் குழம்பு எதிலிருந்து பிறக்கிறது என்பதே எங்கள் வழக்கு. அமிழும் தட்டு கக்கும் நீர், மேலேயுள்ள பாறையை உருக்குகிறது என்று நான் வாழ்நாளெல்லாம் எழுதினேன். தட்டின் மேல் படிந்த கடற்சேறும் உருகிக் கலக்கிறது, தான் ஆராயும் மலையில் அதுவே முதன்மை என்பது அவன் கட்சி.

"அப்பாவுக்கு எல்லாத்துக்கும் தண்ணிதான். குழாய் திருத்தப் போயிருக்கலாம்," என்பான், சாப்பாட்டு மேசையில்.

"நீ சேத்துக்குள்ள இறங்கு. கால் கழுவ என்ர தண்ணிக்குத்தான் வருவாய்."

பாறை முழுவதையும் அரைத்துச் சோதித்தால் கலங்கிய கதைதான் கிடைக்கும். ஒலிவின் என்னும் பச்சைக் கனிமம் குழம்பில் முந்திப் பளிங்காகும்போது, அந்தக் குழம்பின் துளிகளைத் தனக்குள் சிறைப்பிடிக்கிறது. துளியில் தோரியம் மிகுந்திருந்தால் சேறு. அது குறைந்து பேரியம் மட்டும் மிகுந்திருந்தால் நீர். கல்லை நொறுக்காமல் அத்துளியை எட்ட வழியில்லை.

"பிள்ளையை நசுக்கினது காணாதெண்டு இதையுமோ?" என்றாள் மனைவி.

"இது அவன்ர கேள்வி. பதில் உதுக்குள்ளதான் இருக்கு."

அவள் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "பாதி," என்றாள் பிறகு. "மற்றப் பாதியில கைவைக்கக்கூடாது."

கராஜில், கல்லைத் தடித்த துணியால் மூடி, அவனுடைய சுத்தியலால் அடித்து இரண்டாகப் பிளந்தேன். துணியைக் கிழித்துக்கொண்டு வந்த சில்லு என் புருவத்தை வெட்டியது. வாசலில் நின்றவள் அசையவில்லை.

ஆய்வுகூடத்தில் இயந்திரத்தின் இரும்புத் தாடைகள் அந்தப் பாதியைக் கடித்து நொறுக்கின. பச்சை மணிகளைப் பொறுக்கினேன். அளக்கக்கூடிய துளிகள் சிலவே அகப்பட்டன. லேசர் அவற்றைச் சுட்டுக் குழியாக்க, எழுந்த ஆவியைக் கருவி அளந்தது. தோரியம் தாழ்ந்திருந்தது. பேரியம் உயர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "என்னவாம்?"

"அவன் சொன்னது பிழை."

அவள் எறிந்த அகப்பை சுவரில் மோதித் தெறித்தது.

"அவன் இருந்திருந்தா உங்களை விட்டிருப்பானோ? பாதிக் கல்லை வைச்சே தீர்ப்புச் சொல்லுறியள் எண்டு கிழிச்சிருப்பான்."

"ஓம். கிழிச்சிருப்பான்."

ஆட்சேபம் நியாயமானது. சில துளிகளை வைத்து ஒரு மலையின் பிறப்பைத் தீர்மானிக்க, நானே ஒரு மாணவனை அனுமதித்திருக்க மாட்டேன்.

அவள் உள்ளே போய், மாதாவின் அருகிலிருந்த மற்றப் பாதியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"உடையுங்கோ. அவனுக்காக நான் கேக்கிறன்."

இம்முறை துணியின் முனைகளை அவளே அழுத்திப் பிடித்தாள். நான் ஓங்கி அடித்தேன்.