அக்காவின் கணுக்கால்

என் மகளுடைய கல்லூரி உள்ளரங்கில் கூடைப்பந்துப் பயிற்சி. நானும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். முட்டி வலிக்கிறது என்று மகள் சொன்னதும் பயிற்சியாளர் அவளை உட்காரவைத்து மருந்து தெளித்தார். தைல நெடி எங்கள் வரிசைவரை வந்தது.

அன்று எனக்கு ஒன்பது வயதிருக்கும். பூன் லே வட்டாரத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டின் கூடம் முழுக்க அதே நெடி. அப்பா அப்போது கல்லூரிப் பெண்கள் அணியின் பயிற்சியாளர். வெயிலில் சிமெண்டுத் தரையில் ஓடவிடுவார். பயிற்சி முடியும்வரை யாருக்கும் தண்ணீர் கிடையாது. அக்காவும் அந்த அணியில்தான் ஆடினாள். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் அவள் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. அப்பா அவள் காலை மடியில் வைத்துத் தைலம் தேய்த்தார்.

"வலிக்குதுப்பா."

"ஓடுனா சரியாயிடும் லா. எங்க கோச்சும் எங்கள அப்படித்தான் ஆட வச்சாரு."

அக்கா ஆடினாள். அணி ஜெயித்தது. அதற்குப் பிறகு அவள் ஓடவே இல்லை. இன்றும் கைப்பிடியைப் பிடித்துத்தான் படியிறங்குகிறாள். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

மகளின் பயிற்சியாளர் எங்களிடம் வந்தார். இளம் தமிழ்ப் பெண். "ரெண்டு வாரம் ரெஸ்ட், அங்கிள். டாக்டர் ஓகே சொன்னாதான் ஆட விடுவேன்."

"அடுத்த வாரம் மேட்ச் இருக்கே?" என்றார் அப்பா.

"போனா போகுது, அங்கிள். கால்தான் முக்கியம்."

அவர் போனபின் அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபமோ வருத்தமோ வரவில்லை.

"அக்காவுக்கு போன் போடும்மா" என்றார் அப்பா.

போட்டுக் கொடுத்தேன். "சொல்லுங்கப்பா" என்ற அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. அப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.