முழு விலாசம் எழுதிய அந்துவான்

காலாப்பட்டிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. அந்துவான் போய்விட்டார், மாரடைப்பு. என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கம்போல லாஸ்பேட்டையில் இறங்கினேன்.

நம் கல்லூரிக் கணினி அறையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாக என்ன சொல்வது? பிரெஞ்சுப் பெயர், வில்லியனூர்ப் பேச்சு, உடும்புப் பிடி.

செய்முறைத் தேர்வு நடந்த வாரம் நினைவிருக்கும். வெளியூர்த் தேர்வாளர்கள் மதிப்பெண்ணை நேராகக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தாளில் ஒன்றும் கிடையாது. அதையெல்லாம் சேமித்து வைத்த சர்வரின் ஹார்டு டிஸ்க்கோ கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியிருந்தது. தினமும் காலையில் லினக்ஸ் தானாகவே வேறொரு கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைக்க ஏற்பாடு செய்தவர் அந்துவான். நகல்கள் தேதிவாரியாக வரிசையாக இருந்தன. அவர் ஒன்றைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. எல்லாமே அப்படித்தான்.

"இன்னா அந்துவான், நீங்க ஓட்டிக் காட்டுனப்ப வந்துச்சே?"

"நான் கூப்டா வருது வாணி. அதுவா வரல."

நாம் உட்கார்ந்து அடித்தால், கட்டளை எங்கே இருக்கிறதென்று நம் லாகின் தேடிக்கொடுத்துவிடும். நேரத்துக்குத் தானாக ஓடும் வேலைக்கு அந்தச் சலுகை குறைவு. வெறும் பேரைச் சொன்னால் திக்குத் தெரியாமல் நிற்கும். தினமும் அது புகாரும் அனுப்பியிருந்தது, யாருமே திறக்காத ஒரு மெயில் பெட்டிக்கு.

"தெரிஞ்ச போஸ்ட்மேனுக்குப் பேரு போதும். புதுசா வந்தவனுக்குக் கதவு நம்பர் வரைக்கும் எழுதணும்" என்று சொல்லி, ஒவ்வொரு கட்டளைக்கும் அது இருக்கும் இடத்தின் முழுப் பாதையை அடித்தார்.

கையோடு ஒரு நகல் எடுத்தாயிற்று. புது டிஸ்க் திங்களன்று வரும், போதுமே என்றோம். சனிக்கிழமை மாலை வரை மதிப்பெண் ஏறுமே என்றார் அவர். மணிக்கொரு நகல் என்று மாற்றிவிட்டு எங்களை லாகவுட் செய்யச் சொன்னார்.

"எழுந்திரிங்க. நம்ம இருக்கறப்ப ஓடறதெல்லாம் ஒரு ஓட்டமா?"

விசாரிக்க வந்து நின்ற முதல்வரையும் சேர்த்து டீக்கடைக்கு ஓட்டிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் நகல் நிறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் யாருமில்லாதபோது டிஸ்க் செத்தது. சனிக்கிழமைக் கடைசி மாணவியின் மதிப்பெண்கூடத் தப்பித்தது. வேலைக்கு ஆர்டர் வாங்கிக் காத்திருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். முதல்வர் கை குலுக்க வந்தபோது அந்துவானுக்கு வெட்கம்.

"பாராட்டாதீங்க சார். அதுக்கு முன்னாடி வெறும் டப்பாவத்தான் பத்திரமா வச்சிருந்தேன்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே பழக்கம்: நகல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, திறந்து பார்க்கிறேன். அடக்கம் முடிந்த மறுநாளும் திறந்தேன். மதிப்பெண்கள் முழுதாக இருந்தன. பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "வந்துடுச்சி அந்துவான்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் அழுதேன்.