அம்பில்லாமல் விட்ட நாண்

தம்பி குடும்பத்தோடு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. சென்னையிலிருந்து காலையில் வந்து, மத்தியானம் சாப்பிட்டு, ரோட்டில் கூட்டம் சேர்வதற்குள் திரும்பிவிடுவார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை இப்படி. அம்மாவும் அப்பாவும் போனபிறகு பாகூர் வீட்டில் நான் மட்டும்தான். நாற்பத்து நான்கு வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை.

என் அறைச் சுவரில் மாட்டியிருந்த வில்லை அன்றுதான் தம்பி கவனித்தான். மூன்று வருஷமாக அது அங்கேயேதான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போன இடத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்து, அந்த ஆசை விடாமல் வாங்கியது. காம்பவுண்டு வில். இரண்டு முனைகளிலும் சின்னச் சக்கரங்கள் இருக்கும். மெல்லியதாகத் தெரிந்தாலும் விசை அதிகம்.

"இன்னாக்கா இது, யார அடிக்கப் போற?" என்று சிரித்தபடி கையில் எடுத்தான்.

"அம்பு இல்லாம இஸ்துடாதடா!" என்று சமையலறையிலிருந்து ஓடி வந்தேன். அதற்குள் இழுத்து விட்டுவிட்டான்.

அம்பு இருந்தால் விசையை அது வாங்கிக்கொண்டு போய்விடும். இல்லாவிட்டால் அத்தனையும் வில்லின் மேலேயே இறங்கும். பீரோக் கதவை யாரோ ஓங்கி அறைந்தது போன்ற சத்தம். தம்பியின் சின்ன மகள் வீரிட்டு அழுதாள். அவன் விரலில் தோல் உரிந்திருந்தது.

"ஒடஞ்சிடுச்சாக்கா?"

"ஒண்ணும் ஆவல. கையக் காட்டு."

மருந்து தடவிவிட்டேன். வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். பாயசத்தை யாரும் தொடவில்லை.

கார் போனதும் வில்லைப் பின்வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பழைய புடவையை விரித்து அதன்மேல் கிடத்தினேன். நன்றாக இருக்கிறதா என்று மறுபடி இழுத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே விரிசல் இருந்தால் முகத்துக்கு நேராகச் சிதறிவிடும். கண்ணால்தான் பார்க்க வேண்டும். நாணில் இழை அறுந்திருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். இல்லை. சக்கரங்களின் பள்ளத்தில் நாண் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அப்புறம் வளைந்து கொடுக்கும் மேல்தகடு, கீழ்த்தகடு. விரிசல் இருந்து கையால் தடவினால் விரலில் சிலாம்பு குத்தி ஏறும். சாமி விளக்குக்குத் திரி போடும் பஞ்சை எடுத்து மெதுவாக அதன்மேல் ஓட்டினேன். கீழ்த்தகட்டின் ஓரத்தில் பஞ்சு சிக்கியது. இன்னொரு துணுக்கைப் பிய்த்து ஓட்டினேன். அதே இடத்தில் அதுவும் சிக்கியது. உற்றுப் பார்த்தபோது தலைமுடி கிடப்பதுபோல ஒரு விரிசல்.

கோபம் வரவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். வில் என்று தொடங்கினால் எல்லோருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டும். போனை வைத்துவிட்டேன்.

விளக்கேற்றும் நேரத்துக்குத் தம்பியே கூப்பிட்டான்.

"வந்து சேந்துட்டோம்க்கா. வில்லு நல்லாத்தான கீது?"

நல்லாத்தான் இருக்கு என்று வாய்வரை வந்துவிட்டது. காய்ச்சலில் படுத்தபோதும், மழையில் கூரை ஒழுகியபோதும் அவனிடம் அதைத்தான் சொன்னேன்.

"இல்லடா. கீழ விரிசல் உட்டிருக்குது."

"சாரிக்கா. புதுசே ஆர்டர் போட்டுடறேன்."

"அதெல்லாம் வேணாம். பாண்டிக்கு எடுத்துப் போயி காட்டணும். நீ கூட வரியா?"

"நானா?" என்றான். பிறகு, "அடுத்த வாரம் பாக்கறேன்க்கா."

அடுத்த சனிக்கிழமை நான் தனியாகவே பஸ் ஏறினேன். நீளமான பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "இன்னாமா, வீணையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தவளக்குப்பத்தில் கூட்டம் ஏறியதும் பெட்டியை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

பயிற்சி மைதானத்தில் வில் பழுது பார்ப்பவர் அதை இடுக்கிச் சட்டத்தில் பொருத்தி, நாணைக் கழற்றினார். மேல்சக்கரத்தின் அச்சும் லேசாக வளைந்திருந்தது. அது என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. "திரும்ப இழுக்காம வந்தீங்களே, அதுவே பெரிசு" என்றார். தகடும் அச்சும் வந்து மாட்டி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. இடையில் ஒருநாள் 'ரெடியாச்சா?' என்று தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான்.

திரும்பி வந்த வில்லோடு, வீட்டுக்குப் பின்னால் அறுப்பு முடிந்த வயலில் நின்றேன். எதிரே மண்மேட்டில் சாய்த்த இலக்குப் பலகை. அம்பைப் பொருத்தியும் இழுக்கக் கை வரவில்லை. அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது. வரப்பில் பக்கத்து வீட்டுப் பெண் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"செத்த நேரம் அங்கியே நிக்கிறியா?"

"எதுக்குக்கா?"

"எனக்கு எதுனா ஆச்சின்னா யாருக்காவது தெரியணும்ல."

அவள் சிரிக்கவில்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். நான் இழுத்தேன். வில் முனகாமல் வளைந்தது. அம்பு நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே போய்க் குத்தி நின்றது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். இன்னும் ரெண்டு உடறேன், பாக்கறியா?"

"மாடு கத்தும்க்கா" என்று புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்போடு போய்விட்டாள்.

நான் அம்பைப் பிடுங்கி வர இலக்கை நோக்கி நடந்தேன்.