சுவரில்லாத மைதானத்தில் ஒரு கண்ணாடிப் பந்து

உடைந்த கண்ணாடி வீட்டில் இருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். சின்னத் துண்டாக இருந்தாலும் விளக்கு வைப்பதற்குள் தெருக்கோடிக் குப்பைத்தொட்டிக்குப் போய்விட வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில், நான் பிளஸ் டூ படித்த வருஷம், கிணற்றடி மோட்டார் ரூமில் நானூறு துண்டுகளுக்கு மேல் ஒளித்து வைத்திருந்தோம், நானும் அண்ணியும். கண்ணாடிக் கடைக்காரர் வெட்டியது போக மிஞ்சியதைத் தபால்தலை அளவுக்கு நறுக்கிக் கொடுத்தார். அண்ணன் சிறுவயதில் உதைத்து விளையாடிய பந்தின் மேல் அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டினோம். டிஸ்கோ பாட்டுக்குக் கண்ணாடிப் பந்து இல்லாவிட்டால் எப்படி என்று அண்ணி கேட்டாள். எனக்கு டிஸ்கோ என்றால் என்னவென்றே அப்போது சரியாகத் தெரியாது.

கல்யாணமாகி கிழக்குத் தாம்பரத்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது அண்ணியின் பெட்டியில் பாதி புடவை, பாதி கேசட். கல்லூரியில் மேடையேறி ஆங்கிலப் பாட்டுகள் பாடியவள். எங்கள் வீட்டில் பாட்டு என்றால் மார்கழிக் காலையில் கோயில் ஸ்பீக்கர்தான். தேங்காய் துருவும்போது அண்ணி பாடுவாள். அப்பாவின் சைக்கிள் மணி கேட்டால் குரல் இறங்கிவிடும். அப்பா கணக்கு வாத்தியார், சிரிப்பை அளந்து கொடுப்பவர். அந்த வருஷக் காலனி ஆண்டு விழாவுக்கு வரவிருந்த மெல்லிசைக் குழுவின் தலைவர் எப்படியோ அண்ணியைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். விழாவில் ஒரு பாட்டு பாடட்டும், நன்றாக அமைந்தால் குழுவிலேயே சேரட்டும் என்றார். அப்பா திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஒரு பாட்டு. அதோட சரி" என்றார். அண்ணி என்னிடம் தனியாகச் சொன்னாள்: "மாமாவுக்குப் பிடிச்சிருந்தா, மறுபடி கேட்டுப் பாக்கறேன். பிடிக்கலைன்னா இதோட விட்டுடறேன். வீட்ல மனஸ்தாபம் வேண்டாம்."

மோட்டார் ரூமில் டார்ச் அடித்துப் பார்த்தபோது நான்கு சுவரிலும் நட்சத்திரமாக ஓடிய வெளிச்சம், விழா அன்று மைதானத்தில் காணாமல் போய்விட்டது. மேடைக்கு முன்னால் சவுக்குக் கம்பத்தில் பந்தைக் கட்டி, ஃபோகஸ் லைட்டைத் திருப்பி, கயிற்றை இழுத்துச் சுழற்றுகிறேன், எங்கேயும் ஒரு பொட்டு விழவில்லை. மைக் செட்காரர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "இன்னா பாப்பா, செவுரே இல்லாத எடத்துல இத்த மாட்டிக்கினு கீற? வெளிச்சம் எங்க போய் உழும்?" என்றார். பள்ளிக்கரணைச் சதுப்பு வரைக்கும் போய்த் தண்ணீரில் விழுந்திருக்கும். ஒரு மாத உழைப்பு. கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டே நின்றேன். அதற்குள் அண்ணி பாட ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் பார்த்தேன். வெளிச்சம் விழுவதற்கு ஒரே ஒரு இடம் இருந்தது. முன்வரிசையில் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் அப்பா. பொட்டுப் பொட்டாக அவர் மேல் ஊர்ந்து போனது. முகம் பரீட்சை ஹாலில் இருப்பது போலவே இருந்தது. ஆனால் வேட்டிக் கரைக்குக் கீழே வலது கால் செருப்பை விட்டு வெளியே வந்திருந்தது. குதிகாலை ஊன்றி, முன்பாதம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. பாட்டு முடியும்வரை நிற்கவேயில்லை. முடிந்ததும் சத்தமில்லாமல் செருப்புக்குள் போய்விட்டது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தது நான் மட்டும்தான்.

மறுநாள் காலை எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே அண்ணி கேட்டாள். "கண்ல லைட் அடிச்சுதுடி, எனக்கு யாருமே தெரியலை. மாமா முகம் எப்படி இருந்துச்சு?"

"உர்ருன்னுதான் இருந்தார் அண்ணி."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முகத்தைத்தான் கேட்டாள், முகத்தைச் சொன்னேன். பப்ளிக் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. தினமும் சாயங்காலம் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் அண்ணி. குழுவில் சேர்ந்தால் ஒத்திகை, கச்சேரி என்று போய்விடுவாள். இவ்வளவு கணக்கையும் நான் உட்கார்ந்து போட்டேன் என்று சொல்ல முடியாது, வாய் தானாகப் போட்டுக்கொண்டது. அண்ணி "சரி" என்றாள். பின்னலின் கடைசியில் ரிப்பனை வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டினாள். குழுத் தலைவர் ஸ்கூட்டரில் வந்தபோது காபி கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பினாள். பந்தை அம்மா கண்டுபிடித்து, விளக்கு வைப்பதற்குள் வெளியே போட்டாள். ஆங்கிலத்தில் நான்தான் பள்ளியில் முதல் மதிப்பெண். அப்பாவும் கடைசிவரை அந்தப் பாட்டைப் பற்றி வாய் திறக்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் பெரும்பாக்கம் தாண்டி ஒரு மைதானத்தில் பழைய பாப், டிஸ்கோ, சோல் பாட்டுகளுக்கென்றே ஒரு விழா. என் மகள் டிக்கெட் வாங்கி, கையில் காகிதப் பட்டையைக் கட்டி, என்னையும் அண்ணியையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஆடப் போய்விட்டாள். மேடைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிப் பந்து. அங்கேயும் சுவர் கிடையாது. ஆனால் மேடையிலிருந்து புகை விட்டார்கள், வெளிச்சம் புகையில் விழுந்து நின்றது. அண்ணி சிரித்துவிட்டாள். "நமக்கு இது தோணலையே. கேட்டிருந்தா அத்தை சாம்பிராணி போட்டுக் குடுத்திருப்பாங்க" என்று என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, அவள் அன்று பாடிய அதே பாட்டை ஆரம்பித்தார்கள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். கால், செருப்பு, என் பரீட்சை, எல்லாவற்றையும். மன்னிச்சிடுங்க என்றும் சொன்னேன். அண்ணி மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் பாட்டு போனபின் கேட்டாள்.

"எந்தக் கால்?"

"வலது கால்."

"தாளம் தப்பிச்சா?"

"ஒரு தடவைகூட இல்ல அண்ணி."

பந்து சுழன்றது. அவளுடைய சந்தன நிறப் புடவை மேல் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஊர்ந்தது. அண்ணி என் கையைத் தன் மடியிலிருந்து எடுத்து என் மடியிலேயே வைத்தாள். பிறகு முட்டி வலியோடு மெல்லக் குனிந்து, வலது செருப்பைக் கழற்றினாள்.