குவியலின் இந்தப் பக்கம்

எழுபதுகளின் தொடக்கத்தில் எண்ணூர்ப் பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையில் நான் கெமிஸ்ட். துறைமுகத்தில் இறங்கும் பாஸ்பேட் கல் எங்களுக்கு லாரியில் வரும். அதை மாவாக அரைத்து அமிலம் சேர்த்துக் கலந்தால் உரம். உரத்தில் எவ்வளவு அமிலம் மிஞ்சியிருக்கிறது என்று தினமும் அளந்து எழுதுவது என் வேலை. கல்லையும் நான்தான் சோதிப்பேன்.

ஒரு வாரமாக மிச்ச அமிலம் இறங்கிக்கொண்டே வந்தது, உரம் தேறவில்லை. கல்லில் மாற்றமில்லை என்றது என் பதிவேடு. ஆகவே பழி மிக்ஸர் ஆபரேட்டர் மேல் விழுந்தது. காசிமேட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அமில வால்வைத் திறக்காமல் தூங்கிவிட்டார் என்று மேனேஜர் மெமோ கொடுத்தார். சரியான பதில் இல்லையென்றால் வேலை போய்விடும்.

தினமும் சொன்னதையே லேப் வாசலில் வந்து மறுபடி சொன்னார். "ஆசிட்டு அதே அளவுதான் வுடறேன் சார். மாவு பொங்கிகினு வருது. கல்லு மாறிகீது."

பதிவேட்டைக் காட்டி அனுப்பிவிட்டேன். படித்த திமிர், வேறென்ன. ஆனால் அந்தப் பொங்கல் மண்டையைக் குடைந்தது. பொங்கினால் சுண்ணாம்பு இருக்க வேண்டும். சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுவிடும். அப்புறம் எப்படி மிஞ்சும்?

மிக்ஸரில் விழும் மாவிலேயே ஒரு பிடி அள்ளி வந்து, எடை போட்டு, அளந்த அமிலத்தை ஊற்றினேன். சோடா பாட்டிலைத் திறந்தது போல நுரைத்தது. மிஞ்சியதை அளந்தால் வழக்கத்தில் பாதிகூட இல்லை. இன்னொரு முறை செய்தேன், அதே எண். எனக்கு ஒரே குஷி. காலையில் நான் எடுத்து வைத்திருந்த கல் சாம்பிளையும் சோதித்தேன். அதில் நுரையே இல்லை. ஒரே குவியலில் இரண்டு விதக் கல்லா?

கல் குவித்திருக்கும் ஷெட்டுக்குப் போனதும் புரிந்தது. நான் சாம்பிள் எடுப்பது லேபை ஒட்டிய ஓரத்தில். பின்பக்கம் போனால் சட்டையெல்லாம் தூசி. புதுக் கப்பலில் வந்த கல்லை அந்தப் பின்பக்கத்தில்தான் கொட்டி, அங்கிருந்தே அரைவைக்கு அள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரும் தொடாத பழைய கல்லை ஒரு வாரமாகச் சோதித்து, மாற்றமில்லை என்று நான் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

புது எண்ணை மட்டும் கொடுத்தால் கல் இன்றுதான் மாறியது என்பார் மேனேஜர். போன வாரத்துக்கு ஆபரேட்டர்தான் மாட்டுவார். பதிவேட்டில் ஏழு நாள் வரிகளையும் அடித்து, சாம்பிள் எடுத்த இடம் தவறு, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் வாய்க்கு வந்தபடி திட்டினார். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நானே போய் ஆபரேட்டரிடம் சொன்னேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்ததை மறைப்பதற்கில்லை. அவர் மிக்ஸரை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"மெமோ வந்ததுலேந்து என் பொஞ்சாதி தூங்கல சார். டெய்லி சொன்னேனே, ஒரு தபா வந்து பாத்தீங்களா?"