முடுக்கிக் கட்டிய கொடி

ஓசூரில் வண்டிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சென்னப்பனுக்குப் பத்தொன்பது வருட வேலை. வேலை என்றால் போல்ட் முடுக்குவது. சரியான இறுக்கம் வந்ததும் ஸ்பேனர் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதைக் கேட்டால்தான் அவனுக்கு மூச்சே வரும். அவன் கைபட்ட போல்ட் ஒன்றுகூட இதுவரை தளர்ந்து திரும்பி வந்ததில்லை. வீட்டிலும் அந்தக் கைதான். குழாயை அவன் மூடினால் திறக்கவும் அவனேதான் வரவேண்டும். ஊறுகாய் பாட்டிலோடு மல்லுக்கட்டிவிட்டு அவன் மனைவி மாதேஸ்வரி அவனைத் திட்டாத நாள் கிடையாது. அவள் திட்டிக்கொண்டிருந்த காலத்தைச் சொல்கிறேன்.

கம்பெனியில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு பாகம் கெட்டு வந்தால் அதில் சிவப்பு அட்டை கட்டுவார்கள். யார் ஷிஃப்ட், யார் கை என்று எழுதியாக வேண்டும். பெயர் இல்லாத அட்டையைச் சூப்பர்வைசர் கட்டினவன் முகத்திலேயே விட்டெறிவார். இப்படியே பத்தொன்பது வருடம் ஓடினால், யார்மேலும் தப்பில்லாமல் ஒன்று கெட்டுப்போகும் என்பதே மனுஷனுக்கு மறந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை எட்டாம் மாதத்தில் இறந்தே பிறந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டான குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. “யார் தப்பும் இல்லப்பா, சில நேரம் இப்பிடி ஆயிடும்” என்றார் டாக்டரம்மா. அந்தச் சொல் சென்னப்பன் காதில் ஏறவேயில்லை.

அதன்பிறகு மாதேஸ்வரி வாசற்படி தாண்டுவதை விட்டாள். ராயக்கோட்டைச் சாலையை ஒட்டி அவர்களுக்கு வீடும், பின்னால் கொஞ்சம் தக்காளி நிலமும் இருந்தன. தக்காளி பழுத்து அழுகியபோதும் அவள் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்த ரஞ்சிதா மட்டும் நாள் தவறாமல் வந்து, ஒரு கிண்ணம் குழம்பை வைத்துவிட்டு, கூட உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

போன சித்திரையில் சென்னப்பனோடு வேலை செய்யும் ராமப்பன் ராட்சசப் பூசணி விதை நாலு கொண்டுவந்து கொடுத்தான். வெளிநாட்டு ஜாதி, நூறு கிலோவையும் தாண்டுமாம். மூன்று விதையை எலி தின்றது. ஒன்று முளைத்தது. அந்த ஒன்றைப் பார்க்க மாதேஸ்வரி வெளியே வந்தாள். மறுநாளும் வந்தாள். பிறகு அவளை உள்ளே கூப்பிடுவதே பெரும்பாடாகிவிட்டது.

போனில் வீடியோ பார்த்து அவளே எல்லாம் கற்றுக்கொண்டாள். இந்த ஜாதிக்குக் காம்பில்தான் உயிர். காய் பெருக்கப் பெருக்க அதன் தோள் உயரும்; மேலே ஓடும் கொடியையும் கூடவே தூக்கும். கொடி எழும்ப முடியாமல் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தால் காம்பு கிழிந்துவிடும். அதனால் காயை ஒட்டிய கணுக்களில் மண்ணுக்குள் இறங்கிய வேரை அவள் பிளேடால் அறுத்துவிட்டாள். வெயிலில் கொடி துவளும் சாயங்கால நேரமாகப் பார்த்து, தினம் ஒரு விரல் அளவு மட்டும் காயைத் திருப்பினாள். அடியில் மணல், மேலே பழைய புடவை நிழல். வருகிறவர்களுக்கும் சட்டம் போட்டிருந்தாள். பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பது நம் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனவே எல்லோரும் கையை மடக்கித்தான் காட்டவேண்டும். ராமப்பன் பார்க்க வந்தபோது இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். அதைப் பார்த்து மாதேஸ்வரி சிரித்தாள். சென்னப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இந்தக் காய் நின்றால் இவளும் நின்றுவிடுவாள் என்று உறுதியாக நம்பினான்.

ஆடி பிறந்தபோது காய் அறுபது கிலோ இருக்கும். நாளுக்கு நாலு கிலோ ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து பர்கூரில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இரண்டு வருடத்தில் முதல்முறையாக மாதேஸ்வரி பஸ் ஏறினாள்.

“நாலு நாளு ஒண்ணும் பண்ணாதீங்க. பண்ணாம இருக்கறதுதான் வேல. கொடி தளர்ச்சியாவே கெடக்கட்டும்” என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே காற்று கிளம்பியது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், கொடி எம்மாத்திரம்? எழும்பி எழும்பி விழுந்தது. தளர்ந்து ஆடுகிற எதையும் சென்னப்பனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காயின் இரண்டு பக்கமும் இரும்பு முளை அடித்து, வீட்டில் கிடந்த, வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டையால் கொடியைச் சேர்த்துக் கட்டி, பல் பல்லாக இழுத்தான். டிக், டிக், டிக். கொடி அசையவில்லை. அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

மூன்றாம் நாள் ரஞ்சிதா வேலி ஓரம் நின்று, “அண்ணா, கொடி ஏன் இப்பிடி வெறச்சு நிக்குது? காம்ப பாருங்கண்ணா!” என்று பதற்றத்தில் விரலையே நீட்டிவிட்டாள்.

“ஆடாம நிக்குது. அதான் வேணும்” என்றான் அவன்.

மறுநாள் காலை காம்பு பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. உள்ளிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. டைகளை வெட்டினான், முளைகளைப் பிடுங்கினான், எல்லாவற்றையும் சாக்கடையில் வீசினான். மத்தியான பஸ்ஸில் மாதேஸ்வரி வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே காயிடம் போனாள்.

“என்னாச்சுங்க?”

“ரஞ்சிதா வந்து வெரல நீட்டிக் காட்டுனா. நானே பாத்தேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை நாம் கேட்டதுதான். சென்னப்பன் எழுபது கிலோவை ஒரு பெண்ணின் விரலுக்குப் பின்னால் மறைத்தான். அட்டையில் எழுத ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

எட்டு நாள் போராடினாள் மாதேஸ்வரி. கிழிசலைத் துடைத்து, மருந்துப் பொடி தூவி, ஈரம் காய டேபிள் ஃபேனை ஓடவிட்டு, குடை கட்டினாள். வெளியே காய்ந்தது, உள்ளே அழுகல் இறங்கிக்கொண்டேயிருந்தது. புளித்த வாடை வந்தது. ரஞ்சிதா கொண்டுவந்த குழம்பைத் திருப்பி அனுப்பினாள். “என் கண்ணுல முழிக்காத, உன் வெரலு வெளங்காது” என்றாள். ரஞ்சிதா கிண்ணத்தோடு அழுதுகொண்டே தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதைச் சென்னப்பன் பார்த்தான்.

ஒன்பதாம் நாள் காய் தானாகவே பிளந்துகொண்டது. விதையாவது தேறுமா என்று மாதேஸ்வரி தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். வெள்ளை வெள்ளையாக வந்தது. நசுக்கினால் உள்ளே பருப்பில்லை. ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அதற்கு மேல் சென்னப்பனால் தாங்க முடியவில்லை.

“மாதேசி, அவ இல்ல. நாந்தான். காத்துக்குப் பயந்து கொடிய இறுக்கிக் கட்டிட்டேன். அவ வந்து எச்சரிக்கதான் பண்ணா.”

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த சதையை வழித்துப் போட்டாள்.

“எனக்குக் கொழந்த செத்தப்ப ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு உங்கம்மாவுக்கு போன் போட்டீங்களே. என்ன சொன்னீங்க?”

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவள் காதில் விழுந்திருக்கும் என்பதுதான் தெரியாது.

“தண்ணி லாரி வந்தப்ப குடம் தூக்குனா, சொன்னா கேக்கல, அதான் கொடி சுத்திக்கிச்சுன்னு சொன்னீங்க. வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. நீங்க ஷிஃப்டுல இருந்தீங்க. டாக்டரம்மா அவ்ளோ சொல்லியும் எம்பேரத்தான் சொன்னீங்க.”

“மாதேசி…”

“ரஞ்சிதாவாச்சும் அவ ஊட்டுக்குப் போயிட்டா. நான் ரெண்டு வருசமா இதே ஊட்டுலதாங்க இருந்தேன்.”

எழுந்து தொட்டியில் கையைக் கழுவினாள். புடவையிலேயே துடைத்துக்கொண்டு, வேலியைச் சுற்றிப் போய் ரஞ்சிதாவின் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாதேஸ்வரி வாய்விட்டு அழுவது கேட்டது. இரண்டு வருடத்தில் அவள் அழுது அவன் கேட்பது அதுதான் முதல் தடவை.