ரயிலை நிறுத்துபவனின் பலவீனம்

தம்பானூரில் என் அறையில் ஞாயிறுதோறும் நாலைந்து பேர் கூடுவோம். காகிதத்தில் சூப்பர் ஹீரோக்களை உருவாக்கி, பகடை உருட்டிக் கதையாக விளையாடுவோம். கதை நடக்கும் ஊர் இதே திருவனந்தபுரம்தான். அதில் வில்லன் வருவதும் மழை பெய்வதும் என் பொறுப்பு. கதையை நடத்துபவன் நான்.

அன்று லதா தன் தெருக்காரன் முருகனைப் புதிதாக அழைத்து வந்திருந்தாள். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடையில் வேலை செய்கிறவன். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினான். வெட்கம் என்று நினைத்தேன். தன் ஹீரோவைப் பற்றித் தமிழில் எழுதி நீட்டினான். சக்தி: ஓடும் ரயிலை ஒரு கையால் நிறுத்துவான். பலவீனம்: சம்சாரம்.

நான் உரக்கப் படித்தேன். "ரயிலையே நிறுத்துறவனுக்குப் பொண்டாட்டின்னா பயமா?"

எல்லாரும் சிரித்தார்கள். முருகன் பேச வாயெடுத்தான். "அ... அ... அது..." கழுத்து நரம்பு புடைத்தது, சொல் வரவில்லை. பயந்த கணவனாக நடிக்கிறான் என்று நினைத்துக் கைதட்டினேன்.

லதா மெல்லச் சொன்னாள்: "அண்ணா, அது மலையாளத்துச் சம்சாரமாக்கும். பேச்சு. அவனுக்கு வாய் திக்கும்."

பத்து வருடமாக இந்த ஊரில் தினமும் காதில் விழும் சொல். தமிழ் எழுத்தில் பார்த்ததும் புத்தி தமிழுக்கே போய்விட்டது. மன்னிப்புக் கேட்டால், அதற்குப் பதில் சொல்லவும் அவன் திணற வேண்டும். அதனால் கேட்கவில்லை.

முருகன் அந்தச் சொல்லை ரப்பரால் அழித்துவிட்டு, 'தண்ணீர்' என்று எழுதினான்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். அன்று முழுக்க என் திருவனந்தபுரத்தில் ஒரு சொட்டு மழை பெய்யவிடவில்லை.